வேலைக்குத் தொடர்பு எண் போதும், ஜாதகம் வேண்டாம்

தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும் காலம் வந்துவிட்டால், எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கோப்பு மறுபடியும் வலம் வரத் தொடங்கும். யாரோ ஒரு மூத்த மாணவர் எப்போதோ தயாரித்த மாதிரி ரெஸ்யூம் அது. அதில் தங்கள் விவரங்களை நிரப்பி ஆளுக்கு ஆள் பயன்படுத்துவார்கள். அதன் மேற்பகுதியில் நிரப்ப வேண்டிய இடங்களை நான் எண்ணிப் பார்த்தேன். முழுப்பெயர், அடையாள அட்டை எண், பிறந்த தேதி, பிறந்த இடம், வயது, பாலினம், இனம், மதம், திருமண நிலை, வீட்டு முகவரி, கைத்தொலைபேசி எண், மின்னஞ்சல். மொத்தம் 12.

வேலை கொடுப்பவர் நம்மைத் தொடர்புகொள்ள உதவுவது இதில் கடைசி இரண்டு மட்டும்தான். மற்றவற்றில் பெரும்பாலானவை நாம் யார் என்பதை அடையாளம் காட்டுபவை. தொடர்பு விவரம் வேறு, அடையாள விவரம் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், ரெஸ்யூமில் எதை எழுதுவது, எதை விடுவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

நான் பினாங்கில் பட்டப்படிப்பு படிக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள், ஜார்ஜ்டவுன் தங்கும் விடுதிகள், பிறையிலும் பத்து காவானிலும் உள்ள நிறுவனங்கள் என்று எங்களில் ஒருவர் ஒரு பருவத்தில் இருபது முப்பது இடங்களுக்கு ரெஸ்யூம் அனுப்புவது சாதாரணம். பதில் வருவது இரண்டு மூன்று இடங்களிலிருந்துதான். மீதி இடங்களில் அந்தத் தாள் யார் கையில், யார் கணினியில் தங்கிவிட்டது என்று அனுப்பியவருக்குத் தெரியாது.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்?

இதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். தமிழ்ப்பள்ளியில் அலுவல் கடிதம் எழுதக் கற்றபோதும், இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் ‘சூராட் ரஸ்மி’ எழுதக் கற்றபோதும், முதல் வேலையே அனுப்புநரின் முழு முகவரியை எழுதுவதுதான். வீட்டு எண், சாலை, தாமான், அஞ்சல் குறியீடு, மாநிலம் எல்லாம் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மதிப்பெண் குறையும். பதில் கடிதம் தபாலில் வந்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று நேர்முகத் தேர்வுக்கான அழைப்பைத் தபாலில் அனுப்பும் நிறுவனம் அரிது.

இன்னொரு காரணம் தொழிற்சாலை விண்ணப்பப் படிவம். பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் 1972-இல் தொடங்கிய பிறகு, பினாங்கின் பல குடும்பங்களுக்கு வேலை என்றாலே நீளமான ஒரு படிவத்தை நிரப்புவது என்றாகிவிட்டது. இனம், மதம், பெற்றோர் பெயர், உடன்பிறந்தோர் எண்ணிக்கை வரை அதில் எழுத வேண்டும். அந்தப் படிவத்தை அப்படியே ரெஸ்யூமாக மாற்றிக்கொண்டோம்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நம்மவர்களின் ‘பயோடேட்டா’ பாதி ஜாதகம் மாதிரி. அப்பா பெயர், பிறந்த தேதி, ஊர், மதம், திருமண நிலை எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஜாதகத்தை நம் வீட்டில் யாரும் கண்டவர் கையில் கொடுப்பதில்லை. தெரிந்தவர் மூலம் விசாரித்து, சரி என்று பட்ட பிறகே கொடுப்பார்கள். ரெஸ்யூமுக்கு மட்டும் அந்த எச்சரிக்கை இல்லாமல் போய்விட்டது.

12 இலக்கங்கள் என்ன சொல்கின்றன?

நம் அடையாள அட்டை எண் வெறும் வரிசை எண் அல்ல. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தின் குறியீடு. ஜொகூருக்கு 01, பினாங்கிற்கு 07, பேராக்கிற்கு 08, சிலாங்கூருக்கு 10. கடைசி நான்கில் இறுதி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்.

இப்போது அந்த மாதிரி ரெஸ்யூமை மறுபடி பாருங்கள். அடையாள அட்டை எண்ணை அழித்துவிட்டு, பிறந்த தேதியையும் பிறந்த மாநிலத்தையும் விட்டுவைத்தால் 12 இலக்கங்களில் எட்டு ஏற்கெனவே வெளியே வந்துவிட்டன. மீதி நான்கு இலக்கங்களுக்கு 10,000 வாய்ப்புகள். பாலினமும் எழுதியிருந்தால் அது 5,000 ஆகக் குறைகிறது. அதனால் எண்ணை மட்டும் நீக்கினால் போதாது. அதைக் கட்டியெழுப்ப உதவும் துண்டுகளையும் சேர்த்து நீக்க வேண்டும்.

கைத்தொலைபேசி எண்ணை மாற்றலாம். கடவுச்சொல்லை மாற்றலாம். வீடு கூட மாறலாம். அடையாள அட்டை எண் மட்டும் அட்டை தொலைந்து புதிது எடுத்தாலும் அதே எண்தான். தொலைபேசியில் பேசும்போது “ஐசி எண் சொல்லுங்கள்” என்று கேட்டுத்தான் பல இடங்களில் நம்மைச் சரிபார்க்கிறார்கள். ஆயுளுக்கும் மாறாத ஒன்றை, ஒரு மாதப் பகுதிநேர வேலைக்கான விண்ணப்பத்தின் தலையில் எழுதி வைப்பது சரியான கணக்கா?

2017 சொன்ன பாடம்

இது கற்பனைப் பயம் அல்ல. 2017 அக்டோபரில், மலேசியர்களின் தகவல் தொகுப்புகளை ஒருவர் இணையத்தில் விற்க முயல்வதாக லோயாட்.நெட் எனும் தொழில்நுட்பச் செய்தித் தளம் வெளியிட்டது. அம்மாத இறுதியில் முழு விவரமும் தெரிய வந்தது. வெவ்வேறு தொலைத்தொடர்பு நிறுவனங்களைச் சேர்ந்த 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்திருந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகையே சுமார் 3 கோடியே 20 லட்சம்தான்.

அதே கசிவில் வேலை தேடுவோரின் தொகுப்பும் ஒன்று இருந்தது. ஜாப்ஸ்ட்ரீட் தளத்தின் சுமார் 1 கோடியே 70 லட்சம் பதிவுகள் அதில் உள்ளதாகச் செய்தி வந்தது. 2012-க்கு முன் தொடங்கப்பட்ட கணக்குகளின் சில தகவல்கள் வெளியாகியிருப்பதாக நம்புகிறோம் என்று அந்நிறுவனமும் தன் பயனர்களுக்குத் தெரிவித்தது. போலீசும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமும் விசாரணையில் இறங்கின.

இதில் என்னை யோசிக்க வைத்தது அந்தக் கால இடைவெளிதான். 2012-க்கு முன் பதிவு செய்தவர்களில் பலர் 2017-க்குள் வேலை கிடைத்து, பதவி உயர்ந்து, அந்தக் கணக்கையே மறந்திருப்பார்கள். அவர்கள் கொடுத்த விவரம் மட்டும் அப்படியே இருந்தது. நம் வேலைத் தேடல் ஆறு மாதத்தில் முடியலாம். நாம் அனுப்பிய ரெஸ்யூமின் ஆயுள் அதைவிட நீளமானது. பெரிய நிறுவனத்திடமிருந்தே தகவல் கசியும் என்றால், கடை முகப்பில் குவிந்து கிடக்கும் விண்ணப்பத் தாள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

துறைமுகத்தில் ஒரு நடைமுறை

பட்டர்வொர்த் கரையில் பினாங்கு துறைமுகத்தின் கொள்கலன் முனையம் இருக்கிறது. அடுக்கி வைத்த கொள்கலன்கள் ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்துகளும் ஏழு எண்களும் கொண்ட ஓர் அடையாளக் குறி இருக்கும். பெட்டியை அடையாளம் காணவும், சரியான கப்பலில் ஏற்றவும் அது போதும். உள்ளே என்ன சரக்கு, அதன் உரிமையாளர் யார், எங்கே போகிறது என்பதெல்லாம் ஆவணங்களில் இருக்கும். சுங்கத்துறை போன்று அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்ப்பார்கள். சரக்கின் விவரத்தைப் பெட்டியின் வெளிச்சுவரில் யாரும் எழுதி வைப்பதில்லை.

ரெஸ்யூமுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். முதல் கட்டத்தில் வேலை கொடுப்பவருக்குத் தேவை நம் தகுதியும் நம்மை அழைக்க ஒரு வழியும். வேலை உறுதியான பிறகு அடையாள அட்டை எண் கட்டாயம் தேவைப்படும். ஊழியர் சேமநிதி, சொக்சோ, வருமான வரி எல்லாவற்றுக்கும் முதலாளி நம்மைப் பதிவு செய்ய வேண்டுமே! வங்கிக் கணக்கு எண்ணும் சம்பளத்திற்காக அப்போதுதான் வேண்டும். எந்தத் தகவல் எந்தக் கட்டத்தில் தேவை என்று கேட்டுப் பழகுவோம்.

எதை எழுதலாம், எப்படி எழுதலாம்?

பெயர்: தமிழர்களுக்குத் தந்தை பெயர் நம் பெயரோடு சேர்ந்தே வருகிறது. அதனால் தந்தையின் விவரமும் கூடவே போகிறது. ரெஸ்யூமில் உங்களை அழைக்கும் பெயரும் தந்தை பெயரின் முதலெழுத்தும் இருந்தாலே போதும். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயரை நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் படிவத்தில் எழுதிக்கொள்ளலாம். சான்றிதழை இணைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் பெயர் ஒத்துப்போகும்படி எழுதுங்கள்.

தொலைபேசி எண்: இது அவசியம். தனியுரிமைக்குப் பயந்து எண்ணே எழுதாமல் விட்டால், அழைப்பும் வராது. ஆனால் ஒரே எண்தான் நம் வாட்ஸ்அப், நம் டூயிட்நவ், சில வேளைகளில் நம் வங்கியின் குறுஞ்செய்தி எண் என்பதை மறக்கக்கூடாது. எண்ணை டூயிட்நவ்-இல் பதிந்திருந்தால், அதற்குப் பணம் அனுப்பப் பார்ப்பவருக்கு நம் பதிவுப் பெயர் தெரியும்.

என் தோழி ஒருத்தி விடுமுறையில் பகுதிநேர வேலைக்காக ஒரு கடையில் ரெஸ்யூம் கொடுத்தாள். வேலை கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்திகள் வரத் தொடங்கின. அனுப்பியவர் முதலாளி இல்லை. அங்கே அந்தத் தாளைப் பார்த்த வேறு யாரோ. எண்ணைத் தடை செய்துவிட்டாள். ஆனாலும் அந்தத் தாளில் வீட்டு முகவரியும் இருந்தது. அதன்பிறகு சில நாள் இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவாள். வேலை கேட்டதற்கு அவள் கொடுத்த விலை அது.

முடிந்தால் வேலை விண்ணப்பங்களுக்கென்று ஒரு தனி முன்கட்டண எண் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைத்தொலைபேசியில் இரண்டு சிம் போடும் வசதி இப்போது பலரிடம் இருக்கிறது. முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் படம், ‘கடைசியாகப் பார்த்தது’, நிலைப்பதிவு மூன்றையும் உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டுமே பார்க்கும்படி அமைத்து விடுங்கள். இதற்கு ஒரு நிமிடம் போதும்.

ஒரு சங்கடமும் இருக்கிறது. மோசடி அழைப்புக்குப் பயந்து நம்மில் பலர் தெரியாத எண்ணை எடுப்பதே இல்லை. 04-இல் தொடங்கும் அந்த எண் நேர்முகத் தேர்வு அழைப்பாகவும் இருக்கலாம். எண்ணின் பக்கத்திலேயே “முதலில் வாட்ஸ்அப் அல்லது மின்னஞ்சல் செய்யவும்” என்று ஒரு வரி சேர்த்தால், இரண்டு பக்கமும் வேலை எளிதாகும்.

மின்னஞ்சல்: வேலைக்கென்று தனி முகவரி தொடங்குங்கள். அதில் பிறந்த ஆண்டும் வேண்டாம், மாணவர் பதிவு எண்ணும் வேண்டாம். பல்கலைக்கழக மின்னஞ்சலை நம்பியிருக்காதீர்கள். படிப்பு முடிந்த பின் அது நிலைக்கும் என்று உறுதியில்லை. ஜிமெயிலில் ஒரு வசதி உண்டு. உங்கள் முகவரியில் @ குறிக்கு முன்பு கூட்டல் குறி போட்டு ஏதாவது ஒரு சொல்லைச் சேர்த்தாலும் அஞ்சல் உங்களுக்கே வரும். ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒரு சொல் சேர்த்துக் கொடுத்தால், பின்னாளில் குப்பை அஞ்சல் வரும்போது எங்கிருந்து கசிந்தது என்று ஊகிக்கலாம். இரட்டைச் சரிபார்ப்பையும் மறக்காமல் இயக்கி வையுங்கள்.

முகவரி: முதலாளி இதைப் பார்ப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. நீங்கள் நேரத்திற்கு வேலைக்கு வர முடியுமா என்று தெரிய வேண்டும். தீவில் இருக்கிறீர்களா, பெருநிலத்தில் இருக்கிறீர்களா என்பது பினாங்கில் முக்கியமான கேள்வி. காலை நேரத்துப் பாலத்து நெரிசல் யாருக்குத்தான் தெரியாது! அதற்கு வீட்டு எண் எதற்கு? “பட்டர்வொர்த், பினாங்கு. சொந்த மோட்டார் சைக்கிள் உண்டு. பாயான் லெப்பாஸ் சென்று வர முடியும்.” அவ்வளவுதான். முழு முகவரியைவிட இது முதலாளிக்கு அதிகம் பயன்படும். மேலும் அந்த முகவரி நம் ஒருவருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. பகலில் தனியாக இருக்கும் பாட்டிக்கும், பள்ளி விட்டு வரும் தம்பி தங்கைக்கும் அதுதான் முகவரி.

பரிந்துரையாளர்கள்: இதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. விரிவுரையாளரின் சொந்த எண்ணை முப்பது நிறுவனங்களுக்கு அனுப்புகிறோம். அது நம் தகவல் இல்லை, அவருடையது. முதலில் அனுமதி கேளுங்கள். முடிந்தவரை அவருடைய அலுவலக மின்னஞ்சலை மட்டும் கொடுங்கள். “பரிந்துரையாளர் விவரம் கேட்கும்போது தரப்படும்” என்று எழுதினாலும் தவறில்லை.

கோப்பிலும் கவனம் தேவை

தாளில் எழுதாததைக் கோப்பு காட்டிக்கொடுத்துவிடும். கோப்பின் பெயரில் அடையாள அட்டை எண்ணைச் சேர்க்க வேண்டாம். நண்பரின் மாதிரியில் மாற்றி எழுதியிருந்தால், கோப்பின் பண்புகளில் அவர் பெயரே ஆசிரியராக இருக்கலாம். பிடிஎஃப் ஆக்கும் முன் பார்த்து நீக்குங்கள். கூகல் டிரைவில் வைத்து இணைப்பை அனுப்பினால், இணைப்பு உள்ள யாரும் திறக்கலாம் என்ற அனுமதியை வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

நகல் எடுக்கும் கடையிலும் கவனம் வேண்டும். கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ரெஸ்யூமை அனுப்பி அச்சிடுவது நம் வழக்கம். அச்சிட்ட பின் “எல்லாருக்கும் நீக்கு” என்பதை அழுத்துங்கள். கடைக் கணினியில் பதிவிறக்கம் ஆகியிருந்தால் அதையும் அழிக்கச் சொல்லுங்கள். அங்கே உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால் வெளியேறிவிட்டு வாருங்கள்.

ரெஸ்யூமில் இரண்டு வகை வைத்திருப்பது நல்லது. லிங்க்டின் போன்ற பொதுவெளியில் போடுவதற்கு எண்ணும் முகவரியும் இல்லாத ஒன்று. பெயர் தெரிந்த நிறுவனத்திற்கு நேரடியாக அனுப்ப எண்ணுடன் கூடிய மற்றொன்று.

கேட்டே தீருவோம் என்றால்?

சில இடங்களில் அடையாள அட்டை எண் இல்லாமல் முடியாது. பொதுச் சேவை ஆணையத்தின் வழி அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கவும், பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பதியவும் அது வேண்டும். அவை அதிகாரப்பூர்வத் தளங்கள். முகவரியைச் சரிபார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

தனியார் நிறுவனம் ஆரம்பத்திலேயே கேட்டால், “வேலை உறுதிக் கடிதம் கிடைத்ததும் தருகிறேன்” என்று பணிவாகச் சொல்லலாம். நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அதன் மேல் குறுக்கே இரண்டு கோடுகள் போட்டு, ‘உந்துக் பெர்மோஹோனான் கெர்ஜா சஹாஜா’, அதாவது வேலை விண்ணப்பத்திற்கு மட்டும் என்று எழுதி, நிறுவனத்தின் பெயரையும் தேதியையும் சேர்த்துவிடுங்கள். எண்ணும் முகமும் தெளிவாகத் தெரியட்டும். வேறு காரியத்திற்குப் பயன்படுத்துவது கடினமாகட்டும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. தகவலை எதற்காகச் சேகரிக்கிறோம், யாரிடம் கொடுப்போம் என்பதை நிறுவனங்கள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தேவை முடிந்த பிறகும் தகவலை வைத்திருக்கக் கூடாது. நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும் திருத்தவும் நமக்கு உரிமை உண்டு. 2024-இல் நிறைவேறிய திருத்தத்தால் அபராதத்தின் உச்சவரம்பு 10 லட்சம் வெள்ளியாகவும், சிறைத்தண்டனை மூன்று ஆண்டாகவும் உயர்ந்தது. தகவல் கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது.

சட்டம் இருக்கிறது என்பதற்காக நாம் அலட்சியமாக இருக்க முடியாது. கசிந்த பிறகு அபராதம் கட்டுவது நிறுவனம். வெளியே போன தகவல் திரும்பி வராது.

போலி வேலை விளம்பரம்

ரெஸ்யூமைப் பறிப்பதற்கென்றே வரும் விளம்பரங்களும் உண்டு. நேர்முகத் தேர்வே இல்லாமல் வேலை, டெலிகிராமில் மட்டும் பேச்சு, முதலிலேயே வைப்புத்தொகை, வங்கி அட்டையையோ கணக்கையோ ‘சில நாள் பயன்படுத்தக்’ கேட்பது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் நிறுத்திக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கைக் கொடுத்தவர் பணம் இழப்பதோடு, கழுதைக் கணக்கு வழக்கிலும் சிக்குவார்.

நிறுவனத்தின் பதிவை மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் தேடிப் பார்க்கலாம். விளம்பரத்தில் உள்ள எண்ணை நம்பாமல், நிறுவனத்தின் பொது எண்ணுக்கு அழைத்து அப்படியொரு வேலை இருக்கிறதா என்று கேட்கலாம். சந்தேகத்திற்குரிய தொலைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 எனும் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணை அழையுங்கள்.

“மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். முதல் வேலை தேடும் நம்மிடம் சொத்து எதுவும் இல்லைதான். ஆனால் இன்று கொடுக்கும் அதே எண்ணைக் கொண்டுதான் நாளை கார் வாங்குவோம், வீட்டுக்கடன் கேட்போம். “விவரம் குறைவாக இருந்தால் முதலாளி சந்தேகப்படுவாரே” என்றும் கேட்கிறார்கள். அழைக்க ஓர் எண்ணும், எழுத ஒரு மின்னஞ்சலும், நேரத்திற்கு வர முடியும் என்ற உறுதியும் இருந்தால் முதலாளிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மேலும், மதத்தையும் திருமண நிலையையும் எடுத்த இடத்தில் நீங்கள் செய்த ஒரு திட்டப்பணியைப் பற்றி இரண்டு வரி எழுதலாம். நேர்முகத் தேர்வில் அவர்கள் கேட்கப் போவது அதைத்தான்.

இன்று இரவே உங்கள் ரெஸ்யூமைத் திறந்து மேற்பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் “இது இல்லாவிட்டால் அவர்களால் என்னை அழைக்க முடியாதா?” என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்த வரியை நீக்குங்கள். பிறகு அந்தப் புதிய வடிவத்தை உங்கள் வகுப்புக் குழுவில் போடுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் எப்படியும் யாருடையதையாவது பார்த்துத்தான் எழுதப் போகிறார்கள். அது உங்களுடையதாக இருக்கட்டும். அனுப்பும் முன் உங்கள் எண்ணை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.